நினைவில் இல்லாத மூணு மாசம்

உளுந்தூர்பேட்டை
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். அம்மா வீட்டுக்கு வந்தபிறகு உடம்பு தேறிக்கொண்டு வருகிறது. அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதியில் வார்த்தை நின்றுபோகிறது, கூச்சமாக இருக்கிறது. தினம் எழுதிப் பழகும்படி டாக்டர் அம்மா சொன்னார். அதனால்தான் கடிதம். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒண்ணாம் வகுப்புக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர் எழுதியது இது.

கட்டிய புருஷன் நீங்கள், ஒருநாள்கூட ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஜீப் ஓட்டம் இருந்திருக்கும். அதனால் டாக்டர் சொன்னதை நானே சொல்கிறேன். மூளையில் ஒரு செல் அனுப்பும் சேதியை அடுத்த செல் வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டாம். என் சினைப்பையில் ஒரு சின்னக் கட்டி இருந்ததாம். அதை எதிர்க்கக் கிளம்பிய என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தவறுதலாக அந்த இடங்களையும் தாக்கிவிட்டதாம். செல்கள் சாகவில்லை, ஒன்றோடொன்று பேசமுடியாமல்தான் போயின. கட்டியை எடுத்து மருந்து ஏற்றியபிறகு இணைப்புகள் மெல்லத் திரும்புகின்றன.

ஆனால் ஆடிப்பெருக்கிலிருந்து தீபாவளிவரை எனக்கு எதுவும் நினைவில்லை. அது திரும்பாது என்கிறார். அம்மாவைக் கேட்டால் அழுகிறாள். தம்பி வெற்றிவேல் எழுந்து வெளியே போய்விடுகிறான். ஆஸ்பத்திரிக்கு முந்தி வீட்டில் நீங்கள்தான் கூடவே இருந்தீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

உங்கள்
செவ்வந்தி

கச்சிராயபாளையம்
16.2.2025

அன்புள்ள செவ்வந்திக்கு,

தங்கதுரை எழுதிக்கொள்வது. அம்மா நல்லா இருக்காங்க. வெள்ளிமலைக்கு வண்டி ஓடிக்கினு இருக்கு. அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? உனக்குத் தூக்கம் இல்ல, கன்னாபின்னான்னு பேசினே. வூட்ல வச்சிப் பாத்தோம். அப்புறம் உன் தம்பி வந்து கூட்டிக்கினு போனான். அவ்ளோதான். மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். எப்ப வரே?

தங்கதுரை

உளுந்தூர்பேட்டை
23.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என் ரெண்டு மணிக்கட்டிலும் வளையல் போடுகிற இடத்தில் கருத்த தழும்பு இருக்கிறது. அது தூக்கம் இல்லாததால் வராது.

சண்டைபோடக் கேட்கவில்லை. என் மூணு மாசத்தை ஊரே பார்த்திருக்கிறது, நான் மட்டும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் சேலையோடு இருந்தேனா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. தெருவில் இறங்கவே கூசுகிறது. எதுவானாலும் எழுதுங்கள்.

செவ்வந்தி

கச்சிராயபாளையம்
9.3.2025

செவ்வந்திக்கு,

முதல்ல ஒண்ணு. பசங்க முன்னால நீ அசிங்கமா ஒண்ணும் செய்யல. அவங்க பேரெல்லாம் மறந்துபோச்சுன்னு அழுதே. ஸ்கூல்லேர்ந்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அப்புறம் செவுத்துக்குள்ள யாரோ பேசறாங்கன்னே. எங்கம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினே. தனிக்குடித்தனம் போவணும்னு நீ கேட்டுக்கினு இருந்த சமயம் அது. அதுக்காக நடிக்கிறேன்னு நெனச்சேன். ரெண்டு தடவை கன்னத்துல அடிச்சேன். பேய்னு நாலு பேர் சொன்னாங்க. மலைமேல ஒரு பூசாரிகிட்ட கொண்டுபோய் வுட்டுட்டு வந்துட்டேன். பதினோரு நாள் கொட்டாயில கட்டிவச்சிருந்தாங்க. தழும்பு அந்தக் கயிறுதான். வெற்றிவேல் வந்து தூக்கிக்கினு போனப்ப நான் அங்க இல்ல.

இதுவரைக்கும் உங்கம்மாவுக்குத் தெரியும். இனிமே எழுதறது யாருக்கும் தெரியாது. நான் சொல்லலன்னா எப்பவும் தெரியாது.

மலை ஏறும்போது ஜீப்புல நாம ரெண்டு பேர்தான். ஒரு வளைவுல என் கையைப் புடிச்சே. உடம்பு நல்லா இருந்தப்ப பேசுவியே, அதே குரல். "மாமா, எனக்குத் தலைக்குள்ள என்னமோ ஆவுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க"ன்னே.

வண்டியைத் திருப்ப அங்க எடம் இருந்துச்சி. நான் திருப்பல. நல்லாத்தானே பேசறா, அப்ப இவ்ளோ நாளும் நடிப்புதான்னு தோணிச்சி. கோவம் இன்னும் ஜாஸ்தியாச்சு. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள நீ மறுபடியும் யாரோடயோ பேச ஆரம்பிச்சிட்டே.

ஆஸ்பத்திரிக்கு நான் வராதது ஓட்டத்தால இல்ல. உன் மூஞ்சியைப் பாக்க முடியல.

தங்கதுரை

உளுந்தூர்பேட்டை
23.3.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடித்ததும் கட்டியதும் வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. டாக்டர்கள்கூட இந்த நோயை முதலில் மனநோய் என்று நினைப்பதுண்டாம். தெரியாமல் செய்தீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஜீப்பில் நடந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த மூணு மாசமும் நான் நானாகவே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வெட்கத்தில் குனிந்தே கிடந்தேன். ஒரு நிமிஷமாவது நான் இருந்திருக்கிறேன். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறேன். நீங்கள் மறைத்திருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். எழுதியது லேசில்லை என்று தெரியும்.

ஆனால் இனிமேல் உங்களிடம் தலைவலி என்று சொல்வதற்குள்கூட, நம்புவாரா என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அப்படி இருக்க எனக்குத் தெம்பில்லை. நான் வரவில்லை மாமா.

ஜீப் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளால் தாங்க முடியாது.

இங்கே ஒரு பள்ளியில் காலையில் மட்டும் வரச்சொல்லியிருக்கிறார்கள். என் சர்டிபிகேட் எல்லாம் பீரோவின் மேல்தட்டில் நீல ஃபைலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெற்றிவேல் வருவான். அவன் முறைத்தாலும் நீங்கள் ஒன்றும் பேசாமல் கொடுத்து அனுப்புங்கள். அத்தையை முட்டிக்கு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வலிக்கிறது என்று சொன்னால் வலிக்கிறது என்றுதான் அர்த்தம்.

செவ்வந்தி