மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? ஒரு சந்தோஷச் செய்தி. நம் சதுக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறது. என்னையும் அதில் போட்டிருக்கிறார்கள். பழைய தெருக்களைப் பற்றி இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எந்தச் சந்தில் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், எல்லாம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள வாலுப்பயலுக்கு,

ஆறு மாதமாகக் கடிதமே போடாதவனுக்கு, வேலை என்றதும் அக்கா ஞாபகம் வந்ததாக்கும்! போகட்டும். கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மணிக்கூண்டுச் சந்து இன்னும் அதே ஓர் ஆள் அகலம்தான். மழை நாளில் இரண்டு குடை எதிரெதிரே வந்தால் ஒன்றை மடக்கியாக வேண்டும். தபால் தெருச் சாவிக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மருமகள் கடையைப் பார்க்கிறாள், அவரைவிடக் கெட்டிக்காரி. நம் மாடிப்படிக்குக் கீழே பைண்டர் அண்ணன் அப்படியே இருக்கிறார். முப்பத்தொரு வருஷம்! வாடகைச் சீட்டு, பத்திரம் ஒன்றும் கிடையாது. "இருந்துக்கப்பா" என்று நம் அப்பா சொன்னதுதான். "ஐயா வாய்தான் எனக்குப் பத்திரம்" என்று சிரிப்பார். உன் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை கட்டிக் கொடுத்தவர், மறந்திருக்க மாட்டாய்.

அக்கா

ஜூலை 2

தம்பிக்கு,

பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு ஊர்க்கோடி அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் மாற்று வீடு. பத்திரம் தொலைந்துவிட்டது என்று சாவிக்காரர் மருமகள் சொன்னதை நம்பி அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பைண்டர் அண்ணன் பெயருக்கு எதிரே மட்டும், "31 வருடம், வாய்மொழி அனுமதி, பத்திரம் கிடையாது, நிராகரிக்கப்பட்டது" என்று இருக்கிறது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. அவருக்குச் சாட்சியாக நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள்.

நேற்று அவர் கடைக்கு வந்தார். "தம்பி பெரிய ஆபீஸ்ல இருக்காரேம்மா, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்களேன்" என்றார். விரலில் பசைகூடக் காயவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அப்பா சொன்ன வார்த்தை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நீயா?

அக்கா

ஜூலை 11

அக்காவுக்கு,

நான்தான். உங்கள் கடிதத்தை வைத்துத்தான் குறிப்பு எழுதினேன். அது அவருக்கு எதிராகப் போகும் என்று எழுதும்போதே தெரியும். விட்டுவிட்டால், தன் வீட்டு ஆளுக்காக மறைத்தான் என்பார்களே என்று பயந்துவிட்டேன். நான் பொய்யா எழுதினேன்? பிறகு பேசிப் பார்த்தேன், பட்டியல் முடிந்துவிட்டது என்கிறார்கள். அடிக்கல் நாட்டு விழாவுக்கு வரும்போது உங்கள் புது வீட்டில் இரண்டு நாள் தங்குகிறேன். நேரில் பேசுவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பி

செப்டம்பர் 30

தம்பிக்கு,

போன செவ்வாய்க்கிழமை நம் வீட்டை இடித்தார்கள். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள்.

முந்தின நாள் பைண்டர் அண்ணனிடம், "அங்க ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணுல நீங்க இருங்கண்ணே" என்று சொன்னேன்.

"சேச்சே, தம்பி வந்தா எங்கம்மா படுப்பாரு?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். வரவில்லை.

"அவரும் எவ்வளவோ பேசிப் பாத்திருப்பாரு, பாவம். நான் நன்றி சொன்னேன்னு எழுதுங்க." ஊசி, நூல், அழுத்துக்கட்டை எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான்.

நன்றி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

நீ பொய் எழுதவில்லை, வாஸ்தவம். நானும்தான் எழுதவில்லை. ஆனால் தோன்றியதையெல்லாம் உன்னிடம் கொட்டித்தான் எனக்குப் பழக்கம். இனி ஒவ்வொரு வரியையும் நிறுத்தி யோசித்துத்தான் எழுத வேண்டும். அப்படிக் கடிதம் எழுத எனக்குத் தெரியாது.

இங்கே இன்னோர் அறை காலியாகத்தான் கிடக்கிறது. விழாவுக்கு வந்தால் நீ வேறெங்காவது தங்கிக்கொள்.

அக்கா