முன்னியின் தலையணைக்கு அடியில் ஒரு ரொட்டி

என் அருமை மதினிக்கு,

அண்ணன் உங்கள் ஸ்வெட்டரை இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் போதைக்காக மோந்து பழகிய பிள்ளைகளைத் தங்க வைத்துக் குணமாக்கும் நம் விடுதியில், உங்கள் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் இப்போது மாடியில் பிள்ளைகளோடு இருக்கிறேன்.

ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகள் ஒரு ரொட்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். காலையில் அதுகள் பல் விளக்கப் போனதும், காய்ந்ததை எடுத்துவிட்டுப் புது ரொட்டி வைப்பீர்களே. "நாளைக்கும் சோறு உண்டுன்னு அதுகளா நம்புத வரைக்கும் இருக்கட்டும்ட்டி" என்பீர்கள். இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது மதினி? கேட்காமலே இருந்துவிட்டேன்.

போன வாரம் எலி வருகிறது என்று புது மேடம் எல்லாப் படுக்கையையும் உதறி, ரொட்டிகளை எடுத்துவிடச் சொன்னார். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வந்த முன்னி, உங்களிடம் மட்டும் தலைசீவ உட்காருவாளே, அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வாசல் கேட்டுக்குப் போய்விட்டாள்.

வெளியே போனால் மறுபடி பிளாட்பாரம், மறுபடி சொல்யூஷனில் நனைத்த அந்தத் துணி. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தியில் கேட்டாள்: "அந்த ஆன்ட்டி செத்துட்டாங்க, ரொட்டியும் போச்சு. இனிமே சாப்பாடும் கிடையாதுதானே?"

உங்களைப்போல் பேச எனக்கு வருமா? கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய், ஆட்டா மாவு டிரம்மைத் திறந்துவிட்டேன். "கைய விட்டுப் பாரு." முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

"நீங்களும் செத்துட்டா?"

"வேற ஒருத்தி சுடுவா. மாவு இருக்கும்."

"நல்லாவாவது சுடுவா. உங்க ரொட்டி ஒரு பக்கம் கருகிடுது." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

மேடம் சொன்னதிலும் தப்பில்லை, எலி கடித்தால் யார் பார்ப்பது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ரொட்டி வைக்க மூடி போட்ட டப்பாக்கள் வாங்கி வந்தேன், ஆளுக்கு ஒன்று. மேடம் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு, "அச்சா, எலி வந்தா உங்களைத்தான் கேப்பேன்" என்றார். கேட்கட்டும்.

முன்னி இன்னும் நம்பவில்லை மதினி. இன்று காலையும் டப்பாவில் ரொட்டி இருந்தது. எடுத்துவிட்டுப் புதிது வைத்தேன். நாளையும் வைப்பேன். அவளாகவே அந்த டப்பாவைக் காலியாக விடும்வரை நான் இந்த மாடியை விட்டு இறங்க மாட்டேன். அவள் போன பிறகு வருகிற பிள்ளைக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டிருக்கும்,
உங்கள் நாத்தனார் பேச்சியம்மாள்