மாப்பிள்ளைக்குப் பதக்கம்

மார்ச் 9, 1971, தூரின்

வசந்த கால உடைக் காட்சி முடிந்த மறுநாள். வீடெங்கும் பூங்கொத்துகள், வைக்க ஜாடி இல்லை. என் கணவர் அத்தீலியோ வடிவமைத்த உடைகளை ரோம் பத்திரிகைகள்கூடப் புகழ்ந்திருக்கின்றன. மாலையில் நகராட்சியிலிருந்து தொலைபேசி. போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்களையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்த மலைப் போராளியாக இருந்ததற்காக, ஏப்ரல் 25 விடுதலை நாளன்று அவருக்குப் பதக்கமாம். போரில் மகனைக் கொடுத்த தாய் என்பதால் அம்மாதான் அதைக் குத்திவிட வேண்டுமாம்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெல்லோவுக்குத்தான் குடுத்து வெக்கல. மாப்பிள்ளைக்காவது குத்தறேன்."

மார்ச் 10

நெல்லோ அண்ணனை நினைத்தபடியே இருந்தேன். போர் முடிந்த அடுத்த குளிர்காலத்தில், அம்மா பின்னிய அவன் மப்ளரோடு அத்தீலியோ எங்கள் கதவைத் தட்டினார். கடைசிவரை கூட இருந்தேன் என்றார். அம்மா அழுத அழுகையில் யாரும் எதையும் கேட்கவில்லை. எதிர்த்தரப்பில் இருந்தவர்களைத் தேடி விசாரித்த காலம் அது. இவன் என் மகனோடு மலையில் இருந்தவன் என்று அம்மா போய்ச் சாட்சி சொன்னாள். எங்கள் முன்னறையில்தான் முதல் தையல் இயந்திரம் போட்டார். அப்புறம் கல்யாணம்.

ஏப்ரல் 2

விழா ஏற்பாடுகளுக்காக வல்மோரா மலைக்கிராமத்திலிருந்து பியரீனா வந்திருந்தாள். நெல்லோவின் உடலைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தவள். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். அத்தீலியோ கை நீட்டினார், அவள் நீட்டவில்லை. தட்டைத் தொடாமல் எழுந்துவிட்டாள். படிக்கட்டில் என் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா, இந்தாளு உனக்கு யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"பாசிஸ்டுக் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஜெர்மன்காரனோட வந்தவன்மா இவன். மாட்டுக்கொட்டகை ஜன்னல்ல நின்னு பாத்தேன். சுட்டு முடிச்சுட்டு, உங்கண்ணன் கழுத்துல கெடந்த நீல மப்ளரை உருவினான்."

மப்ளரைப் பற்றி நான் அவளிடம் பேசவேயில்லை.

ஏப்ரல் 3

தலைவலி என்று படுத்துக் கிடந்தேன். அவன் — அவர் என்று எழுத இனிக் கை வராது — காப்பி கொண்டுவந்து வைத்தான். ஆறிப்போகட்டும்.

ஏப்ரல் 6

தையல்காரிகள் சாப்பிடப் போனதும் பட்டறையில் கேட்டேன். தையல் பொம்மைமேல் வெள்ளைப் பட்டுத்துணியை வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தான். மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"பத்தொம்பது வயசு எனக்கு. சுடலைன்னா என்னை நிக்க வெச்சுச் சுட்டிருப்பாங்க."

"மப்ளர்?"

"குளிரா இருந்துச்சு."

குளிராம்!

"எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தே?"

"உங்கண்ணனைப் புடிச்சப்ப பேரும் விலாசமும் கேட்டது நான்தான். போர் முடிஞ்சதும் என்னைத் தேடினாங்க. எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்துச்சு. ஆனா உன்னைக் கட்டிக்கிட்டது நெசம், லொரெதானா."

பாவி. அந்தக் கையாலதானே என் கல்யாண உடுப்புக்கு அளவெடுத்தான்!

வெளியே சொல்லுவேன் என்றேன். சிரித்தான். "சொல்லேன். இந்த ஊர்ல என் துணி போடாத பெரிய வீட்டுப் பொம்பளை யாரு? யாரு நம்புவா உன்னை?"

ஏப்ரல் 7

அம்மாவிடம் சொன்னால் தாங்குவாளா? சொல்லாவிட்டால், அவள் கையாலேயே அவன் நெஞ்சில்... எப்படி விட?

ஏப்ரல் 11, ஈஸ்டர்

சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. "அவனுக்குத் தொண்டையில குத்தும்னு மீன்ல முள்ளு எடுத்துக் குடுத்தேனேடி, இத்தனை வருஷமா" என்றாள். பிறகு, "விழாவுக்கு நான் வரேன்."

ஏப்ரல் 25

மேடையில் பதக்கத்தை அம்மா கையில் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். "என் நெல்லோவைச் சுட்டவன் இவன்தான்." திருத்தமாகச் சொன்னாள். அவன் ஓடிவந்து அவள் தோளை அணைத்துக்கொண்டான். "அழாதீங்கம்மா, நான் இருக்கேன்ல." கண்ணில் நீர் வேறு! அதைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. அவங்க சொல்றது உண்மை, உண்மைன்னு கத்தினேன். அதற்குள் வாத்தியம் முழங்க ஆரம்பித்துவிட்டது. மேயரே பதக்கத்தைக் குத்திவிட்டார்.

பியரீனா வரவில்லை. அந்த மூஞ்சியை இன்னொரு தரம் பார்க்க முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 26

பத்திரிகையில், ‘மகனின் நினைவில் நிலைகுலைந்த தாய், தாங்கிப் பிடித்த மருமகன்.’ முதல் பக்கத்தில் பெரிய படம். அவன் முகம் நன்றாக விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 30

"அம்மாவுக்குப் புத்தி கொழம்பிடுச்சு. மலையடிவாரத்துல நல்ல விடுதி ஒண்ணு பாத்திருக்கேன்" என்றான். அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை.

ஜூலை 18

தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறார்கள். அவனுக்குப் பாரிஸிலும் கடையாம்.

செப்டம்பர் 14

விவாகரத்து வழக்கில் எங்கள் வக்கீல் இன்றும் அதையே சொன்னார்: "சாட்சி ஒருத்திதானேம்மா. அதுவும் ஜன்னல் வழியா பாத்தவ. வேற யாராவது?"

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். பார்த்தறியாத பெண், என் வயதுதான் இருக்கும். வேறு பள்ளத்தாக்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள்.

"பத்திரிகைப் படத்துல உங்கம்மாவைப் புடிச்சுக்கிட்டு நிக்கறானே, அவன் போர்க்காலத்துல எங்க ஊருக்கும் வந்தான். எங்கப்பாவை..." மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

ஏப்ரலிலிருந்து படுக்கையே கதியென்று கிடந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.

"உக்காரு தாயீ. நான் நம்பறேன். நிதானமா சொல்லு."