ஊமை ஆவி பிடித்தவள்

கும்மிடிப்பூண்டி,
6.7.2024

அன்புள்ள எபினேசர் அண்ணனுக்கு,

தங்கை ஏஞ்சலின் எழுதுவது. போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயெடுப்பதற்குள் நீங்கள் ஜெபிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

நேற்று உபவாச ஜெபத்தில் எல்லாரும் கத்தி ஜெபிக்க, நான் கண்ணை மூடி அமைதியாக இருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். வினோதா அக்கா, "பாஸ்டரே, இவளுக்குள்ள ஊமை ஆவி பூந்துகினு இருக்குது!" என்று கூவ, நீங்களும் ஓடிவந்து என் தலையை அமுக்கி, அரை பாட்டில் ஜெப எண்ணெயை ஊற்றினீர்கள். பேய் ஓடவில்லை, எண்ணெய்தான் ஓடியது. அந்தத் தலையோடு இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன்.

இது பேயில்லை அண்ணா. கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் மேரி, சாப்பாட்டு நேரத்தில் கண்மூடி உட்கார்ந்திருப்பாள். "தூங்குறியா?" என்றேன். "இல்லடி, அவரு எதிர்ல குந்திகினு இருக்கேன்" என்றாள். அவர்கள் கத்தோலிக்கக் கோயிலில் இப்படி ஒரு ஜெபம் உண்டாம். இயேசு என்ற பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, எண்ணம் ஓடினால் திரும்ப அந்தப் பெயருக்கே வர வேண்டும். ஒரு மாதம் என் மனதில் மாவாட்டுவதும் ஷிப்ட் பஸ்ஸும்தான் வந்தன. பிறகு ஒரு மதியம், எதுவும் கேட்காமல் அவரோடு சும்மா இருந்தேன். அழுகை வந்தது. இதை விடமாட்டேன்.

தங்கை,
ஏஞ்சலின்


பொன்னேரி,
9.7.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சிக்கு,

உடம்பு சுகமா? உன்னை நினைத்து உன் அண்ணிக்குச் சோறே இறங்கவில்லை. நீ ஜெபித்தால் நம் சபையின் தகரக் கூரை அதிரும். உன் குரலைக் கேட்கவே எத்தனையோ பேர் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அந்தக் குரலை எவளோ பிடுங்கிக்கொண்டாள். சும்மா கிடக்கிற மனசில் சாத்தான் சம்மணம் போட்டு உட்காருவான்.

ஞாயிறு ஆராதனையில் மைக் பிடித்து, விடுதலை பெற்றேன் என்று சாட்சி சொல். சொல்லாவிட்டால் நீ நடத்திவரும் வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபத்தை இனி வினோதா நடத்துவாள். நீ சபைக்கு வரவேண்டாம். அண்ணனாக எழுதக் கை வரவில்லை, பாஸ்டராக எழுதுகிறேன்.

எபினேசர்


கும்மிடிப்பூண்டி,
15.7.2024

அண்ணா,

நான் பாஸ்டருக்கு எழுதவில்லை, அண்ணனுக்கே எழுதுகிறேன். நேற்று மைக்கைக் கொடுத்தீர்கள். வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பொய்ச் சாட்சி சொல்ல என் நாக்கு புரளாது. முதலில் "அல்லேலூயா" என்றார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், பிறகு சபையே அடங்கிப்போனது. பதினோரு வருஷத்தில் அங்கே ஃபேன் சுற்றும் சத்தம் என் காதில் விழுந்தது நேற்றுதான்.

அப்புறம் நீங்கள் மைக்கைப் பிடுங்கி, "வெளிய போ" என்றீர்கள். ஆனால் அதற்கு முன் கொஞ்ச நேரம் நீங்களும் கண்ணை மூடி, உதடு அசையாமல் நின்றீர்களாம். அண்ணி பார்த்திருக்கிறார். அந்த அமைதி உங்களையும் இழுத்துவிட்டது, அதனால்தான் உங்களுக்கு அவ்வளவு கோபம்.

வெள்ளிக்கிழமை ஜெபம் கைவிட்டுப் போனதில் வருத்தமில்லை என்றால் அது பொய். அழுதேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, உபவாசத்தை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வருவேன். உள்ளே விடாவிட்டால் செருப்பு விடும் இடத்தில் உட்காருவேன். யார் வந்து இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன். வாயைத் திறக்காமல் உங்களைத்தான் முதலில் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். அங்கிருந்து என்னை வெளியே அனுப்ப உங்களால் முடியாது.

தங்கச்சி,
ஏஞ்சலின்