ஒன்பதாம் நம்பர் அடிக்காத கோல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல், மற்றதெல்லாம் பிறகு. இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, மாடிப்படி ஏறும்போது அதைத் திட்டுகிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். அக்கா வீடு மாறிவிட்டாள், புது வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தினால் திறக்க வரவில்லையாம், மாப்பிள்ளை இரண்டு தடவை உள்ளே மாட்டிக்கொண்டார், இரண்டாவது தடவை அக்கா வேண்டுமென்றே மெதுவாக வந்தாளோ என்று அவருக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரி லாண்டரியில் புது இஸ்திரி மிஷின் வந்திருக்கிறது, இந்தப் பக்கம் ஈரப் படுக்கை விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி வருகிறது, எங்களுக்கு மடிப்பது ஒன்றுதான் வேலை. இருக்கட்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு இத்தனை தாளில் பிரெய்ல் குத்தி அனுப்புகிறார் என்று உறையைத் தடவிப் பார்த்ததுமே நினைத்திருப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல நீ பேசாமல் இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மூன்று நாளாக வேலை விட்டு வந்து குத்திக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஒரே டீச்சரிடம்தான் இரண்டு பேரும் கற்றோம், நீ முதல் மார்க், நான் கடைசி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் கொடிக்காரர் மேல் பொறாமை. நீ அவரை லைன்ஸ்மேன் சார் என்று மரியாதையாகச் சொல்கிறாய், முப்பது வருஷம் ஃபுட்பால் மைதானத்தின் கோட்டோரம் கொடி பிடித்து ஓடி ரிட்டயர் ஆனவர், அதனால் நான் வீட்டில் கொடிக்காரர் என்றுதான் சொல்வேன், அதுவும் நல்ல மூடில் இருந்தால். அந்தப் பத்திரிகையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு பேரை ஒரு வருஷம் விளையாட்டு நிருபர் வேலைக்குப் பழக்கப்போகிறார்கள், அதில் நீ ஒருத்தி என்று தபால் வந்த அன்று லாண்டரியில் நான் பண்ணாத அலட்டல் இல்லை. சூப்பர்வைசரே போதும்ப்பா, விரிப்பெல்லாம் காயுது என்று சொல்லிவிட்டார். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கண் தெரியாத பிள்ளை மைதானத்தில் உட்கார்ந்தால் யாராவது பக்கத்திலிருந்து ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், ஆபீஸ் யாரையோ போடும், அவர் நாலு நாள் உளறுவார், நீ அப்பா மாதிரி வராது என்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தைக்காக முதல் ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிட்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ‘அப்பா, அவர் மைதானத்தைப் பன்னிரண்டு கட்டமா பிரிச்சுக்கிறார். பந்து ஏழுல இருக்கு, எட்டுக்குப் போகுதுன்னு சொல்றார். எனக்கு முழு மைதானமும் தெரியுதுப்பா’ என்றாய். முழு மைதானமுமா! அப்படியானால் இத்தனை வருஷம் நான் காட்டியது என்ன, அரை மைதானமா என்று கேட்க வாய் வரை வந்தது, சந்தோஷம் பாப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஆரம்பித்தோம். உன் இடது உள்ளங்கைதான் மைதானம், என் விரல்தான் பந்து. பந்து ஓடுகிற பக்கமெல்லாம் விரலை ஓட்டுவேன், கட்டை விரல் பக்கம் ஒரு கோல், சுண்டு விரல் பக்கம் ஒரு கோல், ஆட்டம் முடியும்போது உன் கை சிவந்திருக்கும். ஆஃப்சைடு எனக்கு இன்றைக்கு வரை சரியாகப் புரியாது. விசில் ஊதினால் ஏதோ தப்புப் பண்ணிட்டான் பாப்பா என்பேன், நீயும் அதை நம்பினாய், பிறகு ரேடியோ கேட்டு நீயே விதியெல்லாம் கற்றுக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். அப்போதும் எனக்குப் பெருமைதான், ஏனென்றால் விரல் என்னுடையது. இப்போது வேறொருவர் விதியும் தெரிந்துகொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் வயிறு எரியாதா? அவர் உனக்குப் பிளாஸ்கில் டீ கொண்டுவருகிறார், மழை வந்தால் தன் கோட்டைக் கொடுக்கிறார், சர்க்கரை ஒன்றரை ஸ்பூன் என்று ஒரு மாதத்திலேயே தெரிந்துகொண்டார். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. நீ என் பொண்ணு மாதிரி என்று வேறு அவர் சொன்னாராம், அதை நீ என்னிடமே சந்தோஷமாகச் சொல்கிறாய். வேணும்னா அவர் சொந்தமா ஒண்ணு பெத்துக்கட்டுமே என்று அம்மாவிடம் கத்தினேன், அவருக்கு அறுபத்தெட்டு வயசுங்க என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்று வை. உங்கள் நான்கு பேரைப் பற்றியும் பத்திரிகையில் படத்தோடு போட்டார்களே, சக்கர நாற்காலிப் பையன் தடகளம் எழுதுவது பற்றி, காது கேளாத அந்தப் பெண் புள்ளிவிவரம் பார்ப்பது பற்றி, அதில் உன் பங்கையும் வெட்டி லாண்டரி அறிவிப்புப் பலகையில் நானே குத்தி வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் எல்லோரும் கேட்க வாசித்தார். எனக்கு ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என்று ஒரு வரி வந்தது, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் லைன்ஸ்மேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், குத்திக் காட்ட நினைக்கவில்லை, ‘ஏம்ப்பா, அது நீங்கதானேன்னு நினைச்சேன்’ என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் பூரா நான் மடித்த விரிப்பு ஒன்றுகூட நேராக இல்லை. நீ வேண்டுமென்று எழுதவில்லை, பேட்டி எடுத்தவர் சுருக்கியிருப்பார், எனக்குப் புரிகிறது, புரிந்தும் என்ன, முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

எனக்கென்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எழுதி முடித்ததும் ஆபீசுக்கு அனுப்புவதற்கு முன்னால் போனில் எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுவாய். ஐந்து நிமிஷம்தான். நான் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டேன், நல்லா இருக்கு, அந்த வார்த்தை பெரிசா இருக்கு என்பேன், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் நான் கெடுத்தேன், பாப்பா.

போன சனிக்கிழமை ஆட்டம். நானும் அம்மாவும் டிவியில் பார்த்தோம். எழுபத்தெட்டாவது நிமிஷம் கார்னர் வந்தது, கூட்டமாக எகிறினார்கள், பந்து உள்ளே போனது, ஒன்பதாம் நம்பர் கையை விரித்துக்கொண்டு ஓடினான். டிவியில் மூன்று தடவை திருப்பிக் காட்டினார்கள். ஒன்பதாம் நம்பரின் தலைக்கும் பந்துக்கும் சம்பந்தமே இல்லை, எதிர் டீம் நாலாம் நம்பரின் பின்மண்டையில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது, சுத்தமான சேம்சைடு கோல். ஆட்டம் முடிந்து அரை மணி கழித்து நீ கூப்பிட்டு வாசித்தாய். காலில் அடிபட்டு எட்டு மாதம் கிடந்த ஒன்பதாம் நம்பர் தலையால் முட்டித் தன் வாழ்க்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று என்ன அழகாக எழுதியிருந்தாய். கட்டுரை முழுக்க அந்தக் கோல் மேல்தான் நின்றது. கொடிக்காரர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீங்கள் இருந்த இடத்தில் டிவி கிடையாது, ஒலிபெருக்கியும் ஒன்பது என்றுதான் அறிவித்ததாம், அதெல்லாம் பிறகு நீ சொல்லித் தெரிந்தது, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மாட்டினார்டா! முப்பது வருஷ அனுபவம், பன்னிரண்டு கட்டம், எல்லாம் நாளைக்குச் சந்தி சிரிக்கும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். பிரமாதம் பாப்பா, அனுப்பிடு என்றேன். போனை வைத்ததும் அம்மா வந்து, ‘டிவில வேற மாதிரி காட்டினானே, நீங்க சொல்லலையா’ என்று கேட்டாள். உனக்கு ஃபுட்பால் பற்றி என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், நேரம் இருந்தது. ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

நான் அவரைக் குறிவைத்தேன், அடி உன் மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற பேப்பர் எல்லாவற்றிலும் சேம்சைடு கோல், உன் பேப்பரில் மட்டும் ஒன்பதாம் நம்பரின் வாழ்க்கை. கண்ணு தெரியாதவளை மேட்சுக்கு அனுப்பினா இப்படித்தான் என்று வாசகர்கள் நெட்டில் எழுதியதை அக்கா மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள், பாதியில் அவளே போனை மூடி வைத்துவிட்டாள். கொடிக்காரரை யாரும் கேலி பண்ணவில்லை, அப்படி ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் யார் சொன்னாலும் பெயர் உன்னுடையதுதான் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை பார். திங்கட்கிழமை நீ சொன்னாய், தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அவரே எழுதிக் கொடுத்தாராம், ஆபீசில் அவரை நிறுத்திவிட்டார்களாம், இனிமேல் கண் தெரியாதவர்களை மைதானத்துக்கு அனுப்பாமல் ஆபீசிலேயே உட்கார வைக்கலாமா என்று ஆசிரியர் யோசிக்கிறாராம், மாதக் கடைசி சனிக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் உனக்குத் தருவாராம், அதை வைத்துத்தான் உனக்கு வேலை உண்டா இல்லையா என்பதும், இனி வருகிறவர்களுக்கு மைதானம் உண்டா இல்லையா என்பதும். சொல்லிவிட்டு அழுதாய். அழுகையோடு, ‘அப்பா, நீங்க வந்து என் பக்கத்துல உட்காருங்கப்பா, நீங்கன்னா எனக்குப் பயமில்லை’ என்றாய்.

இதைத்தான் பாப்பா நான் எட்டு மாதமாகக் கேட்கத் துடித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். லீவு போட்டேன், டிக்கெட் எடுத்தேன், நீல சட்டையை ஆஸ்பத்திரி மிஷினிலேயே கொடுத்து இஸ்திரி பண்ணினேன். லாண்டரியில் எல்லோரிடமும் பொண்ணு கூப்பிட்டிருக்கா என்றேன். மூன்று நாளாக அம்மா போடுகிற சாப்பாட்டில் உப்பில்லை, கேட்டால் ‘அப்படியா, எனக்கு என்ன தெரியும்’ என்கிறாள். சட்டையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் எனக்கே பிடிக்கவில்லை. ஒருவரைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவேன், உட்கார்ந்தாலும் உன்னிடம் என்ன சொல்வேன், ஏதோ தப்புப் பண்ணிட்டான் பாப்பா என்றா?

அதனால் நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டேன். உன் ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, என் வேலை இடம், போன் நம்பர் எல்லாம் கொடுத்து இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ ஒரு தடவை சரிபார்க்கத்தான் வாசித்தாய், சரிபார்க்க வேண்டியவன் தெரிந்தே வாயை மூடிக்கொண்டான், பெரியவரையும் பிள்ளையையும் தண்டிக்காதீர்கள், அந்தச் சனிக்கிழமை அவரையே அவள் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அச்சுக்கு முன்னால் வெளி ஆளிடம் வாசித்தது தப்பு என்று அவர் உன்னைக் கேட்டால், ஆமாம் என்று ஒப்புக்கொள். அவர் கேட்காவிட்டாலும் இனிமேல் எனக்கு வாசிக்காதே. மறுநாள் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கி ஊர் ஆட்களோடு சேர்ந்து நானும் படித்துக்கொள்கிறேன். என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் கூப்பிடாமல் இரு, நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது என் பாடு.

நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. இதைக் குத்தும்போதுகூடப் பொறாமை போகவில்லை. அந்தச் சனிக்கிழமை டிவி முன்னால்தான் இருப்பேன், கேமரா ஒரு தடவையாவது உங்கள் பக்கம் திரும்பும், நீ அவர் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய், அவர் சொன்னதற்குச் சிரிப்பாய். எனக்கு வயிறு எரியும். எரியட்டும், நீ திரும்பி மட்டும் பார்க்காதே, ஆட்டத்தைக் கேள்.

நீ நூறு வயசு நல்லபடியாக இருந்து, எத்தனை மைதானம் உண்டோ அத்தனையிலும் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். கழுத்தில் எதையாவது சுற்றிக்கொள், அங்கே காற்று அதிகம் என்கிறாய். முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவர் வீட்டுக்கு நேரில் போ, போனில் சொல்லாதே. அவருக்குப் பிரெய்ல் தெரியாது, அதனால் முதல் தாளிலிருந்து கொடிக்காரர் என்று நான் திட்டினது உட்பட ஒரு வரி விடாமல் நீயே அவருக்கு வாசித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா