ஆயிலை மறந்தவன் நீ இல்ல

என் உயிர் மாப்ள அந்தோணிக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. உவரியில உன்னைப் பத்தி என்ன பேசுதாங்க தெரியுமா? "போதையில மண்ணெண்ணெயில ஆயிலைக் கலக்க மறந்துட்டான், இஞ்சின் நடுக்கடல்ல இறுகி நின்னு, வள்ளம் கவுந்து செத்தான்." உன் பொண்டாட்டி ஸ்டெல்லாவும் அதை நம்பிட்டா. என் கூடப்பிறந்த தங்கச்சிதான், ஆனா அவ முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. உன் பேருக்கு ஒரு பூசை கொடுக்கச் சொன்னேன். "குடிச்சுச் செத்தவருக்கு என்ன பூசை"ன்னுட்டா.

பாளையங்கோட்டைக் கடையில உன் இஞ்சினுக்குச் சிலிண்டர் எடுத்த நாள் ஞாபகம் இருக்கா? கம்பெனி சரக்கு ஒண்ணு, வெளிப் பட்டறையில வார்த்தது ரெண்டு. உனக்கு வேகம் வேணும். முதல்ல கரை சேருத மீனுக்குத்தானே ஏலத்துல மவுசு! நான் மூணையும் பானை வாங்குத மாதிரி விரலால சுண்டிப் பார்த்தேன். வெளிச் சரக்குல ஒண்ணு கணீர்னுச்சு, அதையே எடுத்தேன். "வே, பிஸ்டனைப் போட்டு இடைவெளி அளந்து பாரும்"னாரு கடைக்கார அண்ணாச்சி. "எங்க மச்சான் காதுக்கு அளவு எதுக்கு அண்ணாச்சி?"ன்னு நீ சிரிச்சே. அந்தப் பெருமையில அங்கன அளக்கல. என் பட்டறையில வச்சு இஞ்சின்ல மாட்டும்போதும் அளக்கல. கூறுகெட்ட பய நான்.

கரை ஒதுங்கின இஞ்சினை நான்தான் கழட்டினேன். மூடி கழறாம இருந்த டேங்கைத் திறந்து விரலை விட்டேன், ஆயில் வழவழன்னு ஒட்டுச்சு. நீ மறக்கல மாப்ள. பிஸ்டனைச் சுத்தி நாலு பக்கமும் சிராய்ப்பு. இடைவெளி பத்தாம, சூட்டுல பருத்து, சிலிண்டருக்குள்ள இறுகியிருக்கு. வெளிய நின்னவங்க "ஆயில் கலக்கலதானே?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். ஏன் ஆட்டினேன்? பட்டறை போயிரும்னு பயந்தேனா, தங்கச்சிக்குப் பயந்தேனா?

நேத்து உன் தம்பி சேவியர் வந்தான். உன் இஞ்சினை அவன் எடுத்து ஓட்டப் போறானாம். அதே மாதிரி வெளிச் சரக்குச் சிலிண்டர்தான் வேணுமாம். "அண்ணன் மாதிரி நான் ஆயிலை மறக்க மாட்டேன் மச்சான். நீங்களே சுண்டிப் பார்த்து எடுத்துத் தாங்க"ன்னான். அவனையும் நானே அனுப்பவா?

உன் சிலிண்டரைச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், கோயில் வாசல்ல, எல்லாரும் பார்க்க, ஸ்டெல்லா கையில கொடுத்து நடந்ததைச் சொல்லிருவேன். அவ காறித் துப்பினாலும் துடைக்க மாட்டேன். சத்தியம் மாப்ள.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
சூசை