ஈர முகமும் ஓர் அறிக்கையும்

கண்ணான மகளே,

பதறாமல் படி. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட அன்று சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள் நான், உன் மகன் இல்யாஸ், நர்ஸ் வஸீலா, உன் அத்தை மன்னூபியா. டாக்டர் ரியாத் பிறகுதான் வந்தார்.

தடுப்பூசி போட்டுப் பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. உன் அத்தை மயக்கம் என்று நினைத்து, அதைத் தெளிவிக்கும் ஆரஞ்சுப்பூத் தண்ணீரை முகத்தில் தெளித்தாள். வஸீலாதான் தொடையில் மருந்தூசி போட்டுக் காப்பாற்றினாள்.

தடிப்பு அடங்கியபின் வந்த டாக்டர், ஈர முகத்தைப் பார்த்துவிட்டு அறிக்கையில் "பயத்தில் மயக்கம்" என்று எழுதப் போனார்.

"மயங்குனா வெளுக்கும், டாக்டர். இவன் செவந்து வீங்கினான். நான் பாத்தத எழுதுங்க" என்றேன் நான்.

எழுதினார். இனி அடுத்த ஊசி பெரிய ஆஸ்பத்திரியில், ஒவ்வாமை சோதித்த பிறகுதான். இல்யாஸ் முற்றத்தில் கோழி விரட்டுகிறான்; எனக்கு அது போதும்.

டாக்டரை மன்னித்துவிட்டேன். "வெறும் மயக்கம்தான். இவளுக்கு எல்லாமே பெருசாத் தெரியும்" என்று என்னைக் காட்டி அவர் காதில் ஓதியவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். மன்னூபியாவைத்தான் சொல்கிறேன்.

உன் அம்மா